டொகாய் ஆசு: நிறம் நல்லெண்ணெய் போலாகிவிட்டது, அடியில் கற்கண்டுத் தூள். திறக்கலாமா?

மதுரைமல்லி
வெள்ளி, இரவு 9:10

எல்லோருக்கும் வணக்கம். இந்தப் பகுதியை வெகுநாளாகப் படித்துவருகிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை.

என்னோடு வேலை பார்த்த ஹங்கேரிக்காரர் ஒருவர் நான்கு வருடம் முன்பு சென்னைக்கு வந்தபோது ஒரு பாட்டில் கொடுத்துவிட்டுப் போனார். டொகாய் ஆசு என்ற ஹங்கேரி இனிப்பு ஒயின், 5 புட்டொனியோஷ், 2013 அறுவடை, அரை லிட்டர். நல்ல நாளுக்கு வைத்திருக்கச் சொன்னார். வைத்துவைத்து மறந்தே போய்விட்டது. அடுத்த வாரம் எங்கள் பத்தாவது திருமண நாள் என்பதால் நேற்று பீரோவிலிருந்து எடுத்தேன். கொடுத்தபோது நல்ல பொன்னிறமாக இருந்தது, இப்போது நல்லெண்ணெய் நிறத்துக்கு வந்துவிட்டது. பாட்டிலைச் சாய்த்தால் அடியில் கற்கண்டை நுணுக்கிப் போட்டதுபோல் ஏதோ மின்னுகிறது.

கெட்டுவிட்டதா? இல்லையென்றால் எப்படிக் குடிப்பது? அன்றைக்கு குலாப் ஜாமூன் செய்வதாக இருக்கிறேன், அதோடு சேருமா? மாமனாரும் ஒரு வாய் கேட்கிறார், அவருக்குச் சர்க்கரை உண்டு. எனக்கு இதற்குமுன் பழக்கமெல்லாம் கிறிஸ்துமஸ் சமயத்தில் பக்கத்து வீட்டு ஆன்ட்டி காய்ச்சித் தரும் வீட்டு ஒயின் மட்டும்தான்.


நிலவறை
வெள்ளி, இரவு 11:45

மல்லி, முதலில் நல்ல சேதி. அது அழுக்கு இல்லை. திராட்சையில் இருக்கும் அமிலம் உப்பாகிப் படிகமாக இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான். உடம்புக்கு ஒன்றும் செய்யாது. முதல் நாளே பாட்டிலை நிமிர்த்தி வைத்துவிடுங்கள். ஊற்றும்போது குலுக்காமல் ஊற்றி, கடைசி ஒரு விரற்கடையை விட்டுவிட்டால் போதும்.

நிறமும் பயப்பட வேண்டிய விஷயமில்லை. ஆசு வயதாக ஆகப் பொன்னிலிருந்து செம்பொன்னுக்கும், அப்புறம் பழுப்புக்கும் போகும். நல்ல ஆசு பாட்டிலில் பல பத்தாண்டுகள் இருக்கும். அதிலும் 2013 நல்ல அறுவடை. சென்னை வெக்கையில் பீரோவுக்குள் நான்கு வருடம் என்பதால் கொஞ்சம் முந்தி முதிர்ந்திருக்கும். தக்கையைச் சுற்றிப் பிசுபிசுப்பு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். கசிந்திருந்தால் மட்டும் சந்தேகப்படலாம்.

நான் புடாபெஸ்டில் பதினோரு வருடமாக இருக்கிறேன். இலையுதிர் காலத்தில் ஒரு தடவையாவது ரயிலேறி டொகாய்க்குப் போய்விடுவேன், ஏறக்குறைய மூன்று மணி நேரப் பயணம். உங்கள் பாட்டிலுக்குள் இருப்பது என்ன என்று சொன்னால்தான் எப்படிக் குடிப்பது என்பதும் புரியும், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

டொகாய் ஊரில் போட்ரோக் ஆறு டிஸாவில் கலக்கிறது. அக்டோபரில் விடிகாலையில் ஆற்றிலிருந்து கிளம்பும் மூடுபனி எரிமலை மண் குன்றுகளின் மேல் ஏறி நிற்கும். பத்து, பதினோரு மணிக்குமேல் வெயில் வந்து எல்லாவற்றையும் உலர்த்திவிடும். இந்த ஈரமும் காய்ச்சலும் மாறிமாறி வந்தால்தான் போட்ரைட்டிஸ் என்ற பூஞ்சை திராட்சைக்கு நல்லது செய்யும். வெறும் ஈரமாக இருந்தால் அதே பூஞ்சை கொத்தையே அழுகடித்துவிடும். பூஞ்சை தோலில் கண்ணுக்குத் தெரியாத துளைகளைப் போடுகிறது. அதன் வழியாக உள்ளேயிருக்கும் தண்ணீர் ஆவியாகிப் போக, சர்க்கரையும் புளிப்பும் வாசனையும் இறுகுகின்றன. ஒரே கொத்தில் ஒரு மணி பொன்னிறமாக இருக்கும், அடுத்தது ஊதா படர்ந்திருக்கும், அதற்கடுத்தது கருத்துச் சுருங்கி மேலே சாம்பல் பூத்திருக்கும். பார்க்க அருவருப்பாகத்தான் இருக்கும். வாயில் போட்டால் முதலில் தேன், பின்னாலேயே நாக்கு கூசுகிற புளிப்பு.

அந்தச் சுருங்கிய மணிக்குத்தான் ஆசு என்று பெயர். அதைக் கொத்திலிருந்து ஒவ்வொன்றாகக் கையால் பொறுக்குகிறார்கள். ஒரே வரிசைக்குப் பல தடவை திரும்பி வருவார்கள். நாள் முழுக்கப் பொறுக்கினாலும் ஒரு ஆளுக்குச் சில கிலோதான் தேறும். பொறுக்கியதை நொதிக்கும் சாற்றிலோ புது ஒயினிலோ ஒன்றிரண்டு நாள் ஊறவைத்துப் பிழிந்து, நிலத்தடியில் ஓக் பீப்பாயில் இறக்குகிறார்கள். புட்டொனி என்பது முதுகில் மாட்டும் கூடை, ஏறக்குறைய 25 கிலோ கொள்ளும். 136 லிட்டர் கொண்ட கோன்ட்ஸ் பீப்பாய் ஒன்றுக்கு எத்தனை கூடை ஆசு போட்டார்கள் என்பதுதான் அந்தக் காலத்தில் லேபிளில் இருந்த எண். இப்போது கூடையை யாரும் எண்ணுவதில்லை. நொதித்து முடிந்தபின் மிஞ்சியிருக்கும் சர்க்கரையை அளக்கிறார்கள். 5 என்றால் லிட்டருக்குக் குறைந்தது 120 கிராம், 6 என்றால் 150.

குடிக்கும் முறை: பிரிட்ஜில் இரண்டு, மூன்று மணி நேரம் வைத்து எடுங்கள். எடுத்து கால் மணி நேரம் கழித்து ஊற்றினால் 11, 12 டிகிரியில் இருக்கும். சாதாரண வெள்ளை ஒயின் கிளாஸ் போதும். குட்டி லிக்கர் கிளாஸ் வேண்டாம், மூக்குக்கு இடமிருக்காது. ஒரு ஆளுக்கு 50 மி.லி. ஊற்றினால் போதும்.

குலாப் ஜாமூன் வேண்டவே வேண்டாம். பாகில் ஊறிய ஜாமூனைக் கடித்துவிட்டு இதைக் குடித்தால், இனிப்பு தோற்றுப்போய் வெறும் புளிப்புத்தான் நாக்கில் நிற்கும். தட்டில் இருப்பதைவிடக் கிளாஸில் இருப்பது இனிப்பாக இருக்க வேண்டும். வறுத்த முந்திரியில் உப்பும் மிளகும் போட்டு வையுங்கள். நீலப் பூஞ்சை சீஸ் கிடைத்தால் அதைவிட நல்ல ஜோடி இல்லை.

மாமனார் விஷயம்: 50 மி.லி.யில் 6 கிராமுக்குமேல் சர்க்கரை இருக்கும், மேலும் அது மதுவும்கூட. அவர் மருந்து சாப்பிடுகிறவர் என்றால் டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள்.


வறண்டநாக்கு
சனி, காலை 7:30

மல்லி அவர்களே, கண்டிப்பாகத் திறந்து குடியுங்கள், வாழ்த்துகள். ஆனால் ஒரு மாற்றுக் கருத்தைப் பதிவுசெய்ய வேண்டும். இனிப்பு ஒயினைப் பற்றி இவ்வளவு உயர்த்திப் பேசுவது எனக்கு ஒப்புவதில்லை. பதினைந்து வருடமாக ஒயின் குடிக்கிறேன். இனிப்பு என்பது குறையை மறைக்கிற போர்வை. மண், மரம், திராட்சை எல்லாம் தெரிய வேண்டுமென்றால் சர்க்கரை இல்லாமல் இருக்க வேண்டும். லிட்டருக்கு 120 கிராம் சர்க்கரை போட்டால் எதுவும் சுவையாகத்தான் இருக்கும். நான் குடித்த இனிப்பு ஒயின்கள் எல்லாமே ஒரு மடக்கில் நன்றாக இருந்து மூன்றாவது மடக்கில் திகட்டியவைதான்.


நிலவறை
சனி, காலை 10:05

உங்கள் அனுபவத்தை நான் மறுக்கவில்லை. இரண்டு விஷயங்களை மட்டும் யோசித்துப் பாருங்கள்.

ஒன்று, 120 கிராமை யாரும் "போடவில்லை". அது அந்தத் திராட்சையிலேயே இருந்தது. ஈஸ்ட் தின்றது போக மீதி. ஆசுவில் வெளிச்சர்க்கரை ஒரு சிட்டிகைகூடச் சேர்க்கக் கூடாது. நீங்கள் திகட்டிப்போன ஒயின்களில் பல சாற்றுக்கு இனிப்பூட்டிச் செய்த மலிவுச் சரக்காக இருந்திருக்கலாம்.

இரண்டு, சர்க்கரை திகட்டுவதும் திகட்டாததும் அதன் அளவை மட்டும் பொறுத்ததில்லை. ஒரு சாதாரண கோலாவில் லிட்டருக்கு 100 கிராமுக்குமேல் சர்க்கரை இருக்கிறது. அதை மடமடவென்று குடிக்க முடிவதற்கு அதில் இருக்கும் அமிலமும் வாயுவும் காரணம். ஃபுர்மிண்ட் என்ற திராட்சை பிறவியிலேயே கடும் புளிப்பு. அந்தப் புளிப்பும் ஆசுவில் இறுகி நிற்பதால்தான் விழுங்கியபின் வாய் பிசுபிசுக்காமல் கழுவிவிட்டதுபோல் இருக்கிறது. ஆசுவை நான் மதிப்பிடுவதே இப்படித்தான்: விழுங்கிவிட்டு அரை நிமிடம் சும்மா இருப்பேன். நாக்கின் ஓரங்களில் எச்சில் ஊறினால் நல்ல ஒயின். தொண்டையில் பாகு ஒட்டினதுபோல் இருந்தால், எத்தனை புட்டொனியோஷ் என்று எழுதியிருந்தாலும் எனக்கு வேண்டாம்.


வெந்தயக்களி
சனி, மதியம் 1:20

நான் உணவு வேதியியல் சொல்லித்தருகிறேன், அதனால் இந்த இழையைப் பார்த்ததும் கை துறுதுறுத்தது.

அடியில் இருக்கும் படிகம் பெரும்பாலும் பொட்டாசியம் பைடார்டரேட். போட்ரைட்டிஸ் ஒயின்களில் மியூசிக் அமிலத்தின் கால்சிய உப்பும் இப்படிப் படிவதுண்டு. இரண்டுமே தீங்கில்லாதவை. திராட்சையின் முக்கியமான அமிலமான டார்டாரிக் அமிலம்தான் நம் புளியிலும் முதன்மையான அமிலம். எலுமிச்சையின் சிட்ரிக் அமிலம் பளீரென்று வந்து போய்விடும். டார்டாரிக் வேறு மாதிரி, இறுக்கமாக நிற்கும். ரசத்துக்கும் வத்தக்குழம்புக்கும் பழகிய நாக்குக்கு ஒயினின் புளிப்பைச் சொல்லித்தர வேண்டியதே இல்லை.

அதைவிடச் சுவாரசியமானது வாசனை. போட்ரைட்டிஸ் பிடித்த ஒயின்களில் சோட்டலோன் என்று ஒரு சேர்மம் இருக்கிறது. மிகமிகக் குறைந்த அளவிலேயே மூக்குக்குத் தெரிந்துவிடும். அளவு குறைவாக இருந்தால் காய்ச்சிய பாகு, கருகத் தொடங்கும் சர்க்கரை போல் இருக்கும். கூடினால் வெந்தயம். ஏனென்றால் வெந்தயத்தின் வாசனைக்கே காரணம் அதே சோட்டலோன்தான்! மேப்பிள் பாகிலும் இது உண்டு.

ஒயின் குறிப்புகளில் "ஆப்ரிகாட், குவின்ஸ், அகேசியாத் தேன்" என்று எழுதியிருப்பதைப் படித்துவிட்டு, குவின்ஸையே கண்ணால் பார்த்திராத நாம் அதைத் தேடித் தேடித் தோற்றுப்போகிறோம். மல்லி, நீங்கள் குறிப்பு எதையும் படிக்காமல் முகர்ந்து பாருங்கள். உங்கள் சமையலறையில் இருக்கும் பெயர் எது முதலில் வருகிறதோ அதை எழுதுங்கள்.


பனிக்காலம்
சனி, இரவு 8:15

வணக்கம். நான் இருப்பது கனடாவில், ஸ்காபரோவில். இங்கே இனிப்பு ஒயின் என்றால் சனத்துக்கு ஐஸ்வைன்தான். ஊரிலிருந்து ஆட்கள் வந்தால் நயாகரா அருவியைக் காட்டிவிட்டு, திரும்பும் வழியில் நயாகரா-ஒன்-த-லேக்கில் ஒரு ஒயினரிக்குக் கூட்டிப்போவது எங்கள் வீட்டில் வழக்கமாகிவிட்டது.

அது வேறு வழியில் வரும் இனிப்பு. பூஞ்சை தேவையில்லை. திராட்சையைக் கொடியிலேயே விட்டுவிட்டு, குளிர் மைனஸ் 8 டிகிரிக்கு இறங்கும்வரை காத்திருப்பார்கள். பெரும்பாலும் நடு இரவில்தான் அறுவடை. உறைந்த பழத்தை உறைந்தபடியே பிழிந்தால் தண்ணீர் பனிக்கட்டியாக உள்ளேயே நின்றுவிடும், சொட்டுச்சொட்டாகக் கொழுத்த சாறு மட்டும் வெளியே வரும். இனிஸ்கிலின் என்ற ஒயினரி 1983இல் விட்டுவைத்த பழத்தையெல்லாம் பறவைகள் தின்றுவிட்டன. அடுத்த வருடம் வலை போட்டுக் காப்பாற்றினார்கள். விடால் திராட்சையில் செய்த அவர்களுடைய 1989 ஐஸ்வைன் 1991இல் போர்தோவில் நடந்த வினெக்ஸ்போ ஒயின் கண்காட்சியில் பெரிய பரிசு வாங்கியபிறகுதான் உலகம் இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தது.

ஆனால் நேர்மையாகச் சொன்னால், மூன்று வருடத்துக்கு முன் ஒரு கலியாண வீட்டில் ஆசு குடித்தபிறகு எனக்கு ஐஸ்வைன் கொஞ்சம் ஒற்றைச் சுரமாகப் படத் தொடங்கிவிட்டது. ஐஸ்வைன் பழத்தை அப்படியே தரும், பளிச்சென்று. ஆசுவில் பழம் எங்கேயோ போய் வேறொன்றாகித் திரும்பி வருகிறது. அது பூஞ்சையின் வேலை என்று இங்கே வாசித்தபிறகுதான் விளங்கியது.


கம்பம்பள்ளத்தாக்கு
சனி, இரவு 10:40

எங்களுக்குத் திராட்சைத் தோட்டம் உண்டு, பன்னீர் திராட்சை. 2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அந்தக் கம்பம் பன்னீர்தான். எங்களுக்குப் பூஞ்சை என்றால் மருந்தடிக்கிற சமாச்சாரம். மழை இரண்டு நாள் விடாமல் பிடித்தால் தூக்கம் போய்விடும். பூஞ்சை வருவதற்காகக் காத்திருக்கிறார்கள் என்பதைப் படிக்கும்போது நெஞ்சு பதறுகிறது. பூஞ்சை வராமலே போய்விட்டால் என்ன செய்வார்கள்?


நிலவறை
ஞாயிறு, காலை 9:00

நல்ல கேள்வி. அந்த வருடம் ஆசு இல்லை, அல்லது மிகக் கொஞ்சம். அதே திராட்சையில் இனிப்பில்லாத வெள்ளை ஒயின் செய்துகொள்வார்கள். பூஞ்சை பிடித்ததும் பிடிக்காததுமாகக் கலந்திருக்கும் கொத்துகளைப் பொறுக்காமல் அப்படியே பிழிந்து செய்வது சமோரொட்னி. போலந்து மொழியில் "தானாகப் பிறந்தபடி" என்று பொருள். நூற்றாண்டுக் கணக்காகப் போலந்துக்காரர்கள்தான் இங்கே பெரிய வாங்குபவர்களாக இருந்தார்கள். சொல்லும் அவர்கள் விட்டுப்போனதுதான்.

உங்களுக்கு இன்னொன்று. டொகாயில் ஃபுர்மிண்ட், ஹார்ஷ்லெவெலு இவற்றோடு மஞ்சள் மஸ்கட் என்ற சிறுமணித் திராட்சையும் வளர்க்கிறார்கள். உங்கள் பன்னீர் திராட்சை மஸ்கட் ஹாம்பர்க் வகை. அதன் பெற்றோரில் ஒன்று அலெக்சாண்டிரியா மஸ்கட், அந்த அலெக்சாண்டிரியாவின் பெற்றோரில் ஒன்றுதான் டொகாயில் இருக்கும் இந்தச் சிறுமணி மஸ்கட். ஆக உங்கள் கொடிக்கு இது தாத்தா முறை. மஸ்கட் கலந்த ஆசுவை முகர்ந்தால் பன்னீர் வாசம் வருவது அதனால்தான்.


கம்பம்பள்ளத்தாக்கு
ஞாயிறு, காலை 9:25

இதை அப்பாவிடம் படித்துக்காட்டினேன். தாத்தா கொடியின் படம் இருந்தால் போடச் சொல்கிறார்.


கரோன்கரை
ஞாயிறு, மாலை 4:50

போர்தோவிலிருந்து எழுதுகிறேன். இந்தப் பக்கத்து இனிப்பு ஒயினான சொத்தேர்ன் பற்றி யாரும் பேசாததால் இரண்டு வரி. இங்கேயும் கதை மூடுபனிதான். சிரோன் என்று ஒரு சிற்றாறு, காட்டு நிழலில் ஓடிவருவதால் தண்ணீர் சில்லென்று இருக்கும். அது கொஞ்சம் வெதுவெதுப்பான கரோன் ஆற்றில் வந்து சேரும் இடத்தில் இலையுதிர் காலத்து மூடுபனி கிளம்புகிறது. செமியோன் திராட்சைக்குத் தோல் மெல்லிசு, பூஞ்சைக்கு வசதி. போர்தோ ஒயின்களுக்கான 1855 தரவரிசையில், சொத்தேர்ன் தோட்டங்களில் ஷத்தோ திக்கெம் மட்டும் தனி உச்சத்தில் வைக்கப்பட்டது. அங்கே ஒரு கொடிக்கு ஒரு கிளாஸ் என்பது கணக்கு. 2012இல் பழம் தரமாக வரவில்லை என்று அந்த ஆண்டு ஒயினையே வெளியிடாமல் விட்டார்கள்.

அறுவடைக் காலத்தில் ஒரு தோட்டத்தில் கைவேலைக்குப் போயிருக்கிறேன். முதல் நாள் நான் வெட்டிய பாதிக் கொத்துகளை மேஸ்திரி அம்மா திருப்பிப் பார்த்துவிட்டு ஒதுக்கிவைத்தார். இரண்டும் ஒரே சாம்பல் நிறம். ஒன்றை முகர்ந்தால் தேன், மற்றதை முகர்ந்தால் வினிகர். கண்ணை நம்பாதே, மூக்கை நம்பு என்று சைகையில் காட்டினார். மூன்றாம் நாள்தான் கை பழகியது. அதற்குப் பிறகு ஒரு கிளாஸ் சொத்தேர்னை என்னால் அவசரமாகக் குடிக்க முடிந்ததே இல்லை.

எனக்கு ஆசுவைவிட இது பிடிக்கும், ஊர்ப்பாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆசுவில் புளிப்பு முன்னால் நிற்கும், சாராயம் குறைவு. சொத்தேர்ன் 14 சதவீதம்வரை போகும், வாயில் நெய்போலப் படரும், முதிர்ந்தால் குங்குமப்பூ வாசம் வரும்.


வறண்டநாக்கு
ஞாயிறு, இரவு 7:10

கோலா உதாரணத்தை இரண்டு நாளாக யோசித்தேன். நியாயம் இருக்கிறது. நான் குடித்தவை எல்லாம் சூப்பர் மார்க்கெட் அலமாரிச் சரக்கு என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ஒரு வேளை உணவு முழுக்க இனிப்பு ஒயினோடு உட்கார முடியாது என்ற என் கருத்து மாறவில்லை.

ஒரு சந்தேகம். 5ஐவிட 6 உயர்ந்ததா? கடையில் விலை அப்படித்தான் இருக்கிறது.


நிலவறை
ஞாயிறு, இரவு 10:30

ஒரு வேளை முழுக்க வேண்டாம் என்பதில் நானும் உங்கள் பக்கம். இது ஒரு கிளாஸோடு எழுந்துபோகிற ஒயின்.

எண் இனிப்பின் அளவைத்தான் சொல்கிறது. ஆறு புட்டொனியோஷுக்கு அதிக ஆசு மணி, அதிகப் பொறுக்குகூலி, அதனால் விலை கூடுகிறது. ஆனால் புளிப்பு அதற்கு ஈடுகொடுக்காத ஆறைவிட, தராசு நேராக நிற்கும் ஐந்து எனக்கு உசத்தி. முன்பு 3, 4 என்றும் லேபிள்கள் இருந்தன, 60 கிராம், 90 கிராம் என்று. 2013இல் விதியை மாற்றி, 120 கிராமுக்குக் கீழே இருப்பதை ஆசு என்றே அழைக்கக் கூடாது என்று ஆக்கிவிட்டார்கள். மல்லியின் பாட்டில் அந்த மாற்றம் வந்த ஆண்டில் பறித்த திராட்சை.

இந்த எண் விவகாரத்துக்குப் பின்னால் பெரிய சரித்திரம் இருக்கிறது. ஆசு என்ற சொல் 1571ஆம் ஆண்டு ஆவணத்திலேயே வருகிறது. அதனால் ஒரு பாதிரியார் 1630 வாக்கில் போருக்குப் பயந்து அறுவடையைத் தள்ளிப்போட்டுத் தற்செயலாகக் கண்டுபிடித்தார் என்று ஊரில் சொல்லும் கதை, கேட்க நன்றாக இருந்தாலும் காலம் ஒத்துவரவில்லை. 1737இல் அரசாணை போட்டு எந்தெந்த ஊர்த் தோட்டம் டொகாய் என்று எல்லை வகுத்தார்கள். 18ஆம் நூற்றாண்டில் ரஷ்ய அரசவை ஒயின் வாங்குவதற்கென்றே இங்கே ஆட்களை வைத்திருந்தது. ஹங்கேரியின் தேசிய கீதத்தில்கூட டொகாய்க் கொடிகளில் தேனமுதைச் சொட்டவைத்ததாகக் கடவுளுக்கு நன்றி சொல்லும் வரி இருக்கிறது.

அப்புறம் சோஷலிச ஆட்சியில் தோட்டங்கள் அரசுப் பண்ணைக்குள் போயின. அளவுதான் முக்கியமாயிற்று, ஒயினில் பெரும்பகுதி சோவியத் நாட்டுக்குப் போனது. பீப்பாயில் காற்றுபட்டுப் பழுத்த, கொட்டை வாசம் அடிக்கும் பாணிதான் டொகாய் என்று ஒரு தலைமுறை நம்பியது. 1990க்குப் பிறகு வெளிமுதலீடு வந்தது. டிஸ்னோகோ தோட்டத்தை 1992இல் ஆக்ஸா என்ற பிரெஞ்சுக் காப்பீட்டு நிறுவனம் வாங்கியது, ஓரெமுஷ் தோட்டத்துக்கு ஸ்பெயினின் வேகா சிசிலியா ஒயினரி வந்தது. பீப்பாயை நிரப்பியே வைத்து, காற்றை அடைத்து, பழத்தின் புதுமையைக் காப்பாற்றும் பாணி திரும்பியது. இங்கே மூத்தவர்கள் சிலர் இதை டொகாய் என்றே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். எனக்குப் புதுப் பாணிதான் பிடிக்கும். பழத்தை இவ்வளவு பாடுபட்டுப் பொறுக்கிவிட்டு அதன் வாசத்தைக் காற்றில் விடுவானேன்?

நிலவறைகளைப் பற்றிச் சொல்லாமல் விட மனசு வரவில்லை, என் பெயரே அதுதானே. எரிமலைச் சாம்பல் பாறையைக் குடைந்து சுரங்கம்போலப் போட்டிருக்கிறார்கள். வருடம் முழுக்க 10, 12 டிகிரி, சுவரில் கைவைத்தால் ஈரம். கூரையிலும் பாட்டில்களிலும் கருப்பாகக் கம்பளிபோல ஒரு பூஞ்சை படர்ந்திருக்கும். பீப்பாயிலிருந்து ஆவியாகும் சாராயத்தை உண்டே அது வாழ்கிறது. வெளியே ஒரு பூஞ்சை, உள்ளே ஒரு பூஞ்சை. 2002இல் இந்த நிலப்பரப்பை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

ஒரு தடவை எசென்சியாவும் ருசித்திருக்கிறேன். ஆசு மணிகளைக் குவித்துவைத்தால் தங்கள் பாரத்திலேயே நசுங்கிக் கீழே சொட்டுகிற சாறு அது. லிட்டருக்குக் குறைந்தது 450 கிராம் சர்க்கரை இருப்பதால் ஈஸ்ட்டே திணறும். வருடக்கணக்கில் நொதித்தாலும் சாராயம் பெரும்பாலும் 3, 4 சதவீதத்தைத் தாண்டாது. கிளாஸில் தருவதில்லை, ஒரு கண்ணாடிக் கரண்டியில் தந்தார்கள். அந்த இனிப்பிலும் வாயில் எச்சில் ஊறியது. வெளியே வந்து ரயில் நிலையம்வரை நடந்தேன், ரயில் ஏறியபிறகும் வாயில் அந்த ருசி இருந்தது.


மதுரைமல்லி
அடுத்த சனி, இரவு 11:20

திறந்துவிட்டோம்! இத்தனை பேர் எழுதியதற்குப் பதிலாக நானும் விரிவாகவே எழுதுகிறேன்.

தக்கையில் கசிவு இல்லை. ஆனால் கொஞ்சம் ஊறியிருந்தது, பாதியில் உடைந்துவிட்டது. மீதியை மெதுவாகத் திருகி எடுத்து, டீ வடிகட்டியில் வடித்துக்கொண்டேன். அடியில் இருந்த படிகத்தை ஒன்று நாக்கில் வைத்துப் பார்த்தேன். மணல்போல நறநறவென்று, லேசாகப் புளிப்பு.

நிலவறை அண்ணா சொன்னபடி பிரிட்ஜிலிருந்து எடுத்துக் கால் மணி நேரம் வைத்தேன். முதலில் முகர்ந்தபோது வாசனையே வரவில்லை, மனசு சோர்ந்துவிட்டது. உள்ளங்கையில் கிளாஸை ஏந்தி ஐந்து நிமிடம் வைத்திருந்தபிறகு மெதுவாகத் திறந்துகொண்டது. சத்தியமாக வெந்தயம்தான்! அதுவும் வறுக்கிற வெந்தயம், சிவந்துவரும்போது ஒரு நொடி இனிப்பாக மணக்குமே, அது. அப்புறம் அதிரசத்துக்குப் பாகு காய்ச்சுகிற வாசம், கமலா ஆரஞ்சின் தோலை நகத்தால் கீறின வாசம். என் கணவர் பலாச்சுளையைத் தேனில் ஊறவைத்ததுபோல் இருக்கிறது என்றார். எனக்கு அது தெரியவில்லை. அவருக்கு வெந்தயம் தெரியவில்லை.

குடித்ததும் இனிப்புத்தான் முதலில். பயந்தபடி திகட்டவில்லை. விழுங்கியபிறகு அரை நிமிடம் சும்மா இருந்தோம், இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. நாக்கின் இரண்டு ஓரத்திலும் ஊறியது.

மாமனாரின் டாக்டர் ஒரே ஒரு ஸ்பூனுக்குச் சம்மதித்தார். அவர் திண்டுக்கல்லில் முப்பது வருடம் புளி மண்டி வைத்திருந்தவர். ஸ்பூனை வாயில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டிருந்துவிட்டு, "இது பழம்புளியோட புளிப்பு. புதுப்புளி பல்லைக் கூசும், இது கூசாது" என்றார். வெந்தயக்களி எழுதியதை நான் அவருக்குச் சொல்லவே இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மிளகு முந்திரி பிரமாதமாகச் சேர்ந்தது. சோதனைக்காக ஒரு குலாப் ஜாமூனும் சாப்பிட்டுப் பார்த்தேன். நீங்கள் சொன்னது உண்மை, அதற்கப்புறம் குடித்த வாய் எலுமிச்சைத் தண்ணீர்போல் ஆகிவிட்டது. பாட்டிலில் பாதிக்குமேல் மிச்சம் இருக்கிறது. எத்தனை நாள் தாங்கும்?


வெந்தயக்களி
அடுத்த ஞாயிறு, காலை 6:50

உங்கள் மாமனாருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். ஒரு மண்டிக்காரரின் நாக்கு அளந்துசொன்னதை நான் வகுப்பில் சொல்லப்போகிறேன், அனுமதி உண்டா? டார்டாரிக் அமிலத்துக்கு வாசனை கிடையாது, அவர் அதை முழுக்க முழுக்க நாக்கில்தான் பிடித்திருக்கிறார்.

கணவருக்கு வெந்தயம் தெரியாததும் இயல்புதான். ஒரே சேர்மத்தை ஆளுக்கு ஆள் வேறு அளவில்தான் மூக்கு பிடிக்கும்.


நிலவறை
அடுத்த ஞாயிறு, காலை 8:15

மல்லி, படிக்கும்போதே எனக்கு வாய் ஊறியது. உடைந்த தக்கையை மறுபடி உள்ளே தள்ள வேண்டாம். வடித்த ஒயினைச் சின்னதாக, சுத்தமான ஒரு கண்ணாடி பாட்டிலில் கழுத்துவரை நிரப்பி இறுக மூடிப் பிரிட்ஜில் வையுங்கள். காற்றுக்கு இடம் குறைவாக இருந்தால் இரண்டு வாரம் தாராளமாகத் தாங்கும். நாலாம் நாள் ஒரு வாய் குடித்துப் பார்த்து எழுதுங்கள். வாசனை இடம் மாறியிருக்கும்.


வறண்டநாக்கு
அடுத்த ஞாயிறு, காலை 9:40

அந்த நாலாம் நாள் குறிப்புக்கு நானும் காத்திருக்கிறேன். பெங்களூருக்குப் போகும்போது ஒரு அரை பாட்டில் தேடலாம் என்று இருக்கிறேன். 5தான்.


மதுரைமல்லி
புதன், இரவு 10:05

நாலாம் நாள்: வெந்தயம் பின்னால் போய்விட்டது. ஆரஞ்சுத் தோல் முன்னால் வந்திருக்கிறது, கூடவே லேசாகப் பன்னீர். கம்பம்பள்ளத்தாக்கு, உங்கள் அப்பாவிடம் சொல்லிவிடுங்கள்.